கார்பன்

பேங்கில் சொல்லிவிட்டார்கள்:
கையெழுத்தில் கொடுத்தால் கடன் கிடையாது.
தொழில் விவரம், தட்டச்சில், இரண்டு பிரதி.

பதினாறு வருஷமாக
எரிந்த மோட்டாரைப் பிரித்துச் சுற்றுகிறவன் நான்.
என்ன செய்கிறேன் என்று எவனுக்கும் சொன்னதில்லை.
நோட்டைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன்.
கோழி கிளறிய மண் என் எழுத்து.
அந்தப் பெட்டிக்குப் பூட்டே வேண்டாம்.

காரைக்குடி செக்காலை ரோட்டில்
சைக்கிள் கடைக்கு மேல் மாடி.
பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாய்.
சவரியம்மாள் நோட்டைத் தூரமாகப் பிடித்தாள்,
கிட்டே பிடித்தாள்.
"காயிலுக்கு எத்தனை சுத்து?
இது ஒண்ணா, ஏழா?"

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.
எண்ணுவது என் கைதான், தலை இல்லை.
கண்ணை மூடி, வெறும் காற்றில்
கம்பியைச் சுற்றிப் பார்த்தேன்.
ஏழு, என்றேன். நாற்பத்தேழு.

"வார்னிஷில் முக்கிக் கொஞ்ச நேரம்னு இருக்கு.
கொஞ்சம்னா?"
ஒரு பீடி நேரம்.
"இப்பப் பத்தவையுங்க" என்றாள்.
ஜன்னலோரம் நின்று நான் இழுக்க
அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாலு நிமிஷம், என்று தட்டினாள்.

புள்ளியை முதலில் அடித்தாள்,
எழுத்தைப் பிறகு அதன் கீழே கொண்டுவந்தாள்.
நான் எழுதுவதற்கு நேர் தலைகீழ்.
அவள் மெஷினில் ழ மட்டும்
அரைப் படி மேலே குதித்து நிற்கும்.
ஓமுக்கு அதில் சாவி இல்லை;
இடம் விட்டாள், பேனாவால் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள்
பதினாறு வருஷம் இரண்டு தாளாகிவிட்டது.
மடிக்க முடிகிறது. பையில் வைக்க முடிகிறது.
எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது.

ஆவணியில் கடன் வந்தது.
தையில்
புதுவயல் ரைஸ் மில்லில் ஒரு மோட்டார் எரிந்தது.
என்னைக் கூப்பிடவில்லை.
ஏன் கூப்பிடவில்லை என்று பார்க்கப் போனேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
சூடில்லை. முனகலில்லை.
ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில்
தவிடு படிந்த ஒரு சைக்ளோஸ்டைல் தாள்.
ழ குதிக்கவில்லை; வேறு மெஷின்.
ஆனால் ஆறாவது வரியில்
நாலு நிமிஷம்.
அது என் பீடி.

ஃபிட்டர் காதர்மைதீன் ஒளிக்கவேயில்லை.
பர்ஸைத் திறந்து
நாலாக மடித்த நீலத்தாள் ஒன்றை எடுத்தான்.
"கடலை மடிச்சுக் குடுத்தாங்க அண்ணே.
கையெல்லாம் மையாச்சேன்னு
வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா, எழுத்து!
புதுக் கார்பன் போல, ஒரே தடவை அடிச்சது.
தேவகோட்டையில குடுத்து அடிச்சு வாங்கினேன்.
நாற்பது தாள். கண்டனூர் வரைக்கும் போயிருக்கு."

இரண்டு பிரதி என்றால்
நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று
பேங்கில் யாரும் சொல்லவில்லை.

சட்டையைப் பிடிக்கலாம் என்றுதான் கை எழுந்தது.
அதற்குள் கண் நாலாவது வரிக்குப் போய்விட்டது.
நாற்பத்தேழு என்பதைப் பென்சிலால் அடித்து
நாற்பத்தொன்று என்று யாரோ திருத்தியிருந்தார்கள்.
கண்ணை மூடி மறுபடி சுற்றிப் பார்த்தேன்.
நாற்பத்தொன்றுதான்.
கையிருந்தது கம்பியோடு; அன்று மாடியில் கம்பி இல்லை.

"யார் திருத்தினது?"
"தெரியாதுண்ணே. கோட்டையூர் போய்த் திரும்பின தாள் இது."

அதற்குக் கீழே இன்னொரு வரி, அதே பென்சில்.
முக்குவதற்கு முன்னால் காயிலைச் சூடாக்கினால்
வார்னிஷ் உள்ளே எத்தனையோ மடங்கு இறங்குமாம்.
பதினாறு வருஷத்தில்
நான் ஒரு நாளும் சூடாக்கியதில்லை.

பையில் தாள் இல்லை.
பீடிக் கட்டின் உறையைப் பிரித்து
சுவரோடு வைத்து எழுத ஆரம்பித்தேன்.
எழுதியவன் எழுத்து என்னுடையதைவிட மோசம்.
பெல்ட் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது:

"தம்பி, எத்தனை மடங்கு?
இது ஒண்ணா, ஏழா?"